கன்னி மூலைக் குழாய்

விரல் இடுக்கில் பைப் பசை வாடை இன்னும் போகவில்லை. சோப்புப் போட்டேன், தேங்காய் எண்ணெய் தேய்த்தேன், அடுப்புச் சாம்பலைக்கூடப் போட்டுப் பார்த்துவிட்டேன். குழந்தையைத் தூக்கப் போனால் நம் மகள் நித்யா முகத்தைச் சுளிக்கிறாள். "கையக் கழுவீட்டு வாம்மா" என்கிறாள். அந்தக் கையால்தான் இன்றைக்கு உங்களுக்கு எழுதுகிறேன். இந்த வீடு கட்டிய நாட்களில் உங்கள் சட்டையிலும் இதே வாடைதான் வரும். துவைத்தாலும் போகாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்துபோயிருக்கிறேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள். பாம்பு கடித்த ஆளை மடியில் கிடத்திக்கொண்டு ஜீப்பில் மலை இறங்கியவள் நான். ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லாத நாளில் தலை திரும்பாத பிள்ளையைக்கூட எடுத்திருக்கிறேன். அப்படிப்பட்டவள், இந்த ஐப்பசி மழையில், நம் வீட்டுக் கீழறைக்கு இறங்குகிற படியில் கால் வைக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இந்த வீட்டில் பயம் என்பது உங்கள் இலாகா. பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கினால் கண்ணை இறுக மூடிக்கொள்வீர்கள். "சார், சோளக்காடு வந்துட்டுது, கண்ணத் தொறங்க" என்று கண்டக்டர் வந்து எழுப்புகிற மாதிரி கேலி செய்வார். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு வாசல்வரை போய்த் திரும்பி வருவீர்கள். டார்ச் லைட் இரண்டு, குடை இரண்டு, பீரோச் சாவி இரண்டு. எதற்கு என்றால், "எதுக்கும் இருக்கட்டும் கண்ணு" என்பீர்கள். "அப்ப பொண்டாட்டியும் ரெண்டாக் கட்டியிருக்கலாமில்ல" என்று ஒருநாள் கேட்டேன். நீங்கள் நிஜமாகவே யோசித்துவிட்டு, "ரெண்டாவதும் உன்னாட்டவே இருந்துட்டா?" என்றீர்கள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் வந்துவிட்டது.

முள்ளுக்குறிச்சியில் சமதரையில் பிறந்து வளர்ந்த ஆளுக்கு மலைச்சரிவில் வீடு கட்டுவது என்பது பெரிய சோதனைதான். எனக்கு வேலை இங்கே, உங்களுக்கும் ஆபீஸ் இங்கேயே அமைந்துவிட்டது, இந்த மலைமேல் திருப்புலி நாட்டில் மிளகுக்கொடி படர்ந்த ஒரு துண்டு நிலம் கிடைத்தது. ரோடு மேலே, பள்ளம் கீழே. ரோட்டு மட்டத்துக்கு வீடு, வீட்டுக்கு அடியில் மலையை வெட்டி ஒரு கீழறை. மிளகு மூட்டை போடலாம், மழைக்காலத்தில் துணி காயப்போடலாம் என்று நான்தான் ஆசைப்பட்டேன். அந்த அறையின் கிழக்குச் சுவர் மலையைத் தாங்கி நிற்கிறது. மேலே வீட்டின் பாரம் முக்கால்வாசி அந்தச் சுவர்மேல் நிற்கிறது.

மலைக்குள்ளிருந்து மழைக்காலத்தில் தண்ணீர் கசியும். அதனால் சுவரில் ஓட்டைகள் விட்டு, கீழே சின்னக் காவாய் எடுத்து, மூலையில் ஒரு வடிகுழி கட்டி, மேலே ஜாலிக் கம்பி மூடி போடுவது என்று கொத்தனார் மாரிமுத்து திட்டம் சொன்னார். வடிகுழியிலிருந்து தரைக்கு அடியிலேயே பைப் போட்டு தென்மேற்கே பள்ளத்தில் விட்டால் வேலை முடிந்தது. அங்கேதான் நிலம் இறங்குகிற வாட்டம். இதைச் சொல்லக் கொத்தனார்கூட வேண்டாம், நம் வீட்டு ஆட்டுக்குட்டிக்கே தெரியும்.

நீங்கள் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போனவர், அங்கே யாரோ ஒரு வாஸ்துக்காரரைப் பிடித்துக் கேட்டுவிட்டு வெளிறிப்போய் வந்தீர்கள். தென்மேற்கில், கன்னி மூலையில் தண்ணீர் வெளியேறினால் வீட்டுக்காரிக்கு ஆகாதாம். ஈசானி மூலையில்தான் போக வேண்டுமாம். ஈசானி மூலை என்பது நமக்கு மலைப்பக்கம். "தண்ணிய மேட்டுக்கா உடுவீங்க?" என்று கேட்டேன். மாரிமுத்தும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். நீங்கள் யார் சொல்லியும் கேட்கவில்லை. எல்போ வைத்துப் பைப்பை வடக்கே திருப்பி, வீட்டின் வடகிழக்கில் ஆழமாக உறிஞ்சுகுழி தோண்டிக் கல் நிரப்பி, அதில் கொண்டுபோய் விட்டீர்கள். மலையிலிருந்து வடிந்த தண்ணீரை மலைக்கே திருப்பிக் கொடுத்தோம். நான் அதைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். நீங்களும் கூடவே சிரித்தீர்கள், ஆனால் பைப்பை மட்டும் மாற்றவில்லை.

போன மாசியில் அதே பேளுக்குறிச்சிச் சந்தையில், சீரகம் வாங்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே விழுந்துவிட்டீர்கள். தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். வளைவு வளைவாக இந்த மலையைப் பார்த்து நடுங்கிய மனுஷனுக்குச் சாவு சமதரையில் காத்திருந்தது. அந்த நியாயம் எனக்கு இன்றுவரை புரியவில்லை, கோபம்தான் வருகிறது.

நித்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஆபரேஷன்தான். மாப்பிள்ளை திருப்பூரில் வேலையில் இருக்கிறார், பிள்ளை பெற்றவள் இங்கே என்னோடு இருக்கிறாள். தாயும் பிள்ளையும் படுத்திருந்தது கிழக்கு அறையில், அதாவது அந்தச் சுவருக்கு நேர் மேலே.

மழை விடாமல் பிடித்துக்கொண்டது. மஞ்சு இறங்கி எதிரில் இருக்கிற சில்வர் ஓக் மரம்கூடத் தெரியவில்லை. மிளகு மூட்டை நனைகிறதா என்று பார்க்கக் கீழே போனேன். தரையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. ஜாலியைச் சுற்றித் தரை கிண்ணம்போலக் குழிந்து விரிசல் விட்டிருந்தது. குச்சியை விட்டு அடைப்பு எடுத்தேன், கொஞ்சம் தண்ணீர் உள்ளே போயிற்று. சரி, தீர்ந்தது என்று மேலே வரத் திரும்பினேன். அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். இடுப்பு உயரத்தில் பூச்சு உப்பி, நீளமாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. அதன்மேல் கையை வைத்தேன். சுவர் சில்லென்று இருந்தது. கையை எடுக்கப் பயமாக இருந்தது, நான் எடுத்தால் விழுந்துவிடுமோ என்று. நான் ஒருத்தி பிடித்து நிறுத்துகிற சுவரா அது? ஆனால் அப்படித்தான் கொஞ்ச நேரம் நின்றேன்.

மாரிமுத்துக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க நர்சம்மா, ரோட்டுல மரம் உழுந்து கெடக்குதுங்க. மண்ணுஞ் சரிஞ்சு போச்சு. பஸ்ஸு மேல ஏறல. மழ உடட்டுங்க, மொத ஆளா வாரேன்" என்றார்.

"செவுரு வெடிச்சிருக்குது மாரிமுத்து."

எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் என்று கேட்டார். சொன்னேன். பிறகு மெதுவாக, "தண்ணி தேங்காம மட்டும் பாத்துக்குங்க. பின்னால தண்ணி நின்னா செவுரு தாங்காதுங்க" என்றார்.

நித்யாவையும் குழந்தையையும் ரோட்டை ஒட்டிய முன்னறைக்கு மாற்றினேன், அதற்கு அடியில் கீழறை இல்லை, கெட்டி மண்தான். "எதுக்கும்மா?" என்றாள். "அங்க குளுருது" என்று பொய் சொன்னேன். வீட்டைவிட்டே கூட்டிப் போகலாம் என்றால் போக்கிடம் இல்லை. ரோடு அடைத்திருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துப் பாப்பாக்கா தன் வீட்டுக்கு வரச் சொன்னார், ஆனால் நடுவில் ஓடை ஏறிக் கிடக்கிறது. பாப்பாக்கா மேட்டில் சுற்றி, வேரைப் பிடித்து ஏறி வந்துவிடுவார். வயிற்றில் தையலோடு இருக்கிறவளையும் பச்சைப் பிள்ளையையும் அந்த வழியில் கூட்டிப் போக முடியுமா? ஆகவே வடிகுழியை நானே உடைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். தைரியத்தில் எடுத்த முடிவு இல்லை. வேறு எதுவும் தோன்றவில்லை.

உங்கள் சுத்தியல், உங்கள் உளி. கைக்கு ஆஸ்பத்திரி ரப்பர் உறை. குழிந்த தரையில் உளியை வைத்து முதல் அடி அடித்தபோது சத்தம் டொம்மென்று கேட்டது. கெட்டித் தரை அப்படிக் கேட்காது. அடிக்கு ஒருதரம் நிமிர்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டேன். விரிசலின் ஓரமாக ஒரு பென்சில் கோடு கிழித்து வைத்திருந்தேன், அகலமானால் தெரியும் என்று. மேலே குழந்தை அழுதால் நிறுத்தினேன், அழுகை நின்றாலும் நிறுத்தினேன். என் அடியில் வீடு அதிர்கிறதா, மழையில் அதிர்கிறதா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஜாலி பெயர்ந்து வந்தது. அதற்கடியில் எல்போ இரண்டாக வெடித்துக் கிடந்தது. வடக்கே போகிற பைப் முழுக்கச் சேறு. உங்கள் உறிஞ்சுகுழி என்றைக்கோ நிரம்பி, உறிஞ்சுவதை நிறுத்திவிட்டிருக்கிறது. போக வழியில்லாத தண்ணீர் வெடிப்பு வழியாகத் தரைக்கு அடியிலேயே ஓடி மண்ணை அரித்திருக்கிறது. ஒரு கம்பியை எடுத்துச் சுவர்ப்பக்கமாகச் சொருகினேன். தடுக்கவே இல்லை. என் கை தரையில் முட்டுகிறவரை போயிற்று. நான் உட்கார்ந்திருந்த தரைக்கு அடியில் ஒன்றுமே இல்லை.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே இருந்து வாய்விட்டு உங்களைத் திட்டினேன். "வாஸ்து பாத்தீங்களே, இப்ப வந்து பாருங்க" என்று கத்தினேன். வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன், அழுதேன். பிறகு அந்தக் கம்பியைத் தரையில் படுக்கவைத்து, உடம்பைப் பின்னுக்கு இழுத்து, காவாய்ப் பக்கத்துக் கெட்டித் தரைக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். வேலையை அங்கிருந்தே செய்வது என்று வைத்துக்கொண்டேன்.

குழிக்குள் சேற்றை அள்ளினேன். ஒவ்வொரு கை விடும்போதும் பாம்பு இருக்குமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அள்ள அள்ள, எல்போவுக்கு எதிர்ப்பக்கம் சிமெண்டுப் பூச்சுக்குள் வட்டமாக ஏதோ தட்டுப்பட்டது. உளியால் சுரண்டினேன். நாலங்குலப் பைப், வாயில் மூடி போட்டு ஒட்டி, அதன்மேல் பூசி மறைத்திருந்தது. போகிற திசை தென்மேற்கு. நேராகப் பள்ளத்துக்கு.

மறுபடி மாரிமுத்துக்குப் போன்.

"அட, அதப் பாத்துட்டீங்களா?" என்றார். திருட்டில் பிடிபட்டவர் குரல். "ஐயா போட்டதுங்க. நீங்க டூட்டிக்குப் போன நேரத்துல போட்டமுங்க. தொறக்காத பைப்பு எதுக்குங்க சாமின்னு நாங்கூடக் கேட்டேன். ‘எதுக்கும் இருக்கட்டும் மாரிமுத்து. அந்தப் பக்கம் அடச்சுக்கிட்டா ஊடு தங்கோணுமில்ல’ன்னாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லாதன்னாருங்க. ‘அவ சிரிப்பா’ன்னாரு."

போனை வைத்துவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்திருந்தேன். வாஸ்துவுக்குப் பயந்து ஒரு பைப், அந்த வாஸ்துவை நம்பப் பயந்து இன்னொரு பைப். இத்தனை வருடமும் நம் காலுக்கு அடியில் அது மூடிக் கிடந்திருக்கிறது. நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த போதெல்லாம் நீங்களும் அதைத் தெரிந்துகொண்டேதான் சிரித்தீர்களா?

போனில் கூப்பிட்டதும் பாப்பாக்கா மேட்டு வழியாக மண்வெட்டியோடு வந்து சேர்ந்தார். வெளிமுனை மேற்கே மிளகுக்கொடிக்குக் கீழே ஒரு கல்லுக்கடியில் இருக்கும் என்று மாரிமுத்து சொல்லியிருந்தார். அந்த மஞ்சில் பாப்பாக்காவின் தலைமுக்காடு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. தோண்டுகிற சத்தம் கேட்டது. "கெடச்சுருச்சுங்க! வாயில வேரு அடச்சிருக்குது, புடுங்கறேன்" என்ற குரல் வந்தது. நான் உள்ளே ஆக்சா பிளேடை எடுத்து மூடியின்மேல் வைத்தேன்.

கை ஓடவில்லை.

எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை கிடையாது. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஆனாலும் பயம் வந்தது. கன்னி மூலையில் தண்ணீர் போனால் வீட்டுக்காரிக்கு ஆகாது என்று ஒருத்தன் சந்தையில் சொன்னதற்காக, பள்ளம் பார்த்து ஓடுகிற தண்ணீரையே நீங்கள் மேட்டுக்குத் திருப்பினீர்கள். ஊர் சிரித்தது, கொத்தனார் சிரித்தார், கட்டிய பெண்டாட்டி எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். அவள் சாகக்கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டீர்கள். நீங்கள் போன பிறகும் இந்த மூடி எனக்குக் காவலாக இருந்திருக்கிறது. அதை என் கையால் அறுக்க வேண்டும். அறுத்தால் எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயமா, எனக்காக இனி ஒரு தடுப்பும் இல்லை என்று பயமா? இரண்டும்தான்.

"என்னங்க நர்சம்மா, அறுத்தாச்சுங்களா?" என்று வெளியே குரல். "இல்ல நா வந்து அறுக்கட்டுங்களா? மழயில நனையறனுங்க!"

மேலே குழந்தை அழுதது. சுவரைப் பார்த்தேன். பென்சில் கோட்டைத் தாண்டி விரிசலின் ஓரம் நூலளவு நகர்ந்திருந்தது. எனக்கு அப்படித் தெரிந்ததோ என்னவோ, யார் கண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அறுக்க ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் போனதும் மூடி தானே பிளந்தது. குழியில் நின்ற தண்ணீர் ஒரு சுற்றுச் சுற்றி, சேறும் சருகுமாக உள்ளே போயிற்று. கொஞ்ச நேரம் எந்தச் சத்தமும் இல்லை. அப்புறம் பாப்பாக்கா வெளியே கூவினார், "வந்துருச்சுங்க சாமி! என் சீல மேலயே வந்துருச்சு!"

தரைத் தண்ணீர் வடிந்தது. காவாயில் நின்ற தண்ணீர் வடிந்தது. பிறகு சுவர் ஓட்டைகளிலிருந்து, அதுவரை சொட்டிக்கொண்டிருந்தவற்றிலிருந்து, தண்ணீர் கலங்கலாகக் கொட்ட ஆரம்பித்தது. அவ்வளவும் சுவருக்குப் பின்னால் நின்ற தண்ணீர். அது கொட்டக் கொட்ட எனக்குப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. எவ்வளவு தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

மற்றதெல்லாம் வேலை. வெடித்த எல்போவை அறுத்து எடுத்துவிட்டு, வடக்குப் பைப்புக்கு மூடி போட்டுப் பசை வைத்து ஒட்டினேன். பாப்பாக்காவின் மகன் நடந்தே போய்ச் செம்மேட்டுக் கடையிலிருந்து மூடியும் பசையும் புது ஜாலியும் வாங்கி வந்தான். காபிக் களத்துக்கு வாங்கி வைத்திருந்த சிமெண்ட் மூட்டையைப் பாப்பாக்கா அவன் தலையில் ஏற்றிக் கொடுத்துவிட்டார். அரித்த பள்ளத்தில் கல்லைத் திணித்து, கலவையை ஊற்றினேன். முதல் கலவை மோர் மாதிரி ஓடிவிட்டது. "கஞ்சி காச்சறீங்களா?" என்று பாப்பாக்கா கேட்டார். இரண்டாவதைக் கெட்டியாகக் குழைத்தேன். தரையை ஜாலிப் பக்கம் வாட்டம் வைத்துப் பூசி, மேலே ஈரச் சாக்கைப் போட்டேன். என் பூச்சைப் பார்த்தால் மாரிமுத்து வேலையை விட்டுவிடுவார், அவ்வளவு மேடு பள்ளம். ஆனால் ஒரு சொம்புத் தண்ணீரை எங்கே ஊற்றினாலும் ஜாலிக்கு வந்துவிடுகிறது.

மழை விட்டு விட்டுப் பெய்கிறது. ரோட்டை இன்னும் சரி செய்யவில்லை. மாரிமுத்து வந்து சுவருக்கு முட்டுக் கொடுக்கிறவரை கிழக்கு அறையில் யாரையும் படுக்கவிட மாட்டேன். கீழே போய்ப் பென்சில் கோட்டைப் பார்க்கிறேன், மேலே வந்து உட்கார்கிறேன், மறுபடி போகிறேன். "அம்மா, நீ அப்பாவாட்டவே ஆயிட்ட" என்றாள் நித்யா. கேலிக்குத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் இத்தனை காலம் தைரியசாலியாகத் திரிந்தது, எனக்கும் சேர்த்துப் பயப்பட ஓர் ஆள் வீட்டில் இருந்ததால்தான். இப்போது அந்த வேலையும் எனக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

நேற்று ஒரு காரியம் செய்தேன். இந்த மலையில் நான் பிரஷர் பார்க்காத கை கிடையாது. என் கைக்கு மட்டும் பார்த்ததில்லை. "ஒருக்கா பாத்துக்க கண்ணு" என்று நீங்கள் கெஞ்சினால், "எனக்கென்ன கேடு?" என்று பெட்டியை மூடிவிடுவேன். நேற்றுத் தண்ணீர் கன்னி மூலை வழியே ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பட்டையை என் கையிலேயே சுற்றினேன். நித்யாவைப் பந்தை அமுக்கச் சொல்லிவிட்டு, ஸ்டெதாஸ்கோப்பை நானே வைத்துக் கேட்டேன். பிறகு ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போன் செய்தேன். இன்று காலையிலிருந்து மாத்திரை போடுகிறேன்.

எவ்வளவு இருந்தது என்று எழுத மாட்டேன். தெரிந்தால் பயந்துவிடுவீர்கள்.